கஜானா காலியானது, மதுக்கடை திறந்தது!

தாதா அல் கபோன், ரகசிய மதுக்கூடங்கள், சிகாகோ துப்பாக்கிச் சண்டைகள்... அமெரிக்க மதுவிலக்கு என்றதும் நினைவுக்கு வருபவை இவைதான். ஆனால் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்ததிலும் ஒழித்ததிலும் தாதாக்களைவிட வரிப்பணத்துக்குப் பங்கு அதிகம்.

கணவனின் கூலி சாராயக் கடையிலேயே கரைந்துபோவதைக் கண்டு கொதித்த பெண்கள், 1870-களிலேயே கடை வாசல்களில் நின்று பிரார்த்தனைப் போராட்டம் நடத்தினார்கள். 1893-ல் ஒஹாயோவில் தொடங்கிய ‘ஆன்டி சலூன் லீக்’ என்ற மதுக்கடை எதிர்ப்பு அமைப்பு அந்தக் கோபத்தை ஓட்டாக மாற்றியது. அப்போது மத்திய அரசின் முக்கிய வருமானங்களில் ஒன்று மது வரி. அதை எப்படி விட முடியும்? 1913-ல் வருமான வரிக்கு வழி பிறந்ததும் அந்தக் கவலை தீர்ந்தது. முதல் உலகப் போர், பீர் ஆலைகளை நடத்திய ஜெர்மானிய வம்சாவளியினர் மீது வெறுப்பைக் கிளப்ப, 18-வது அரசியல் சட்டத் திருத்தம் நிறைவேறியது. 1920 ஜனவரி 17 முதல் மதுவிலக்கு அமலானது.

தயாரிப்பது, விற்பது, கொண்டுசெல்வது மூன்றும் குற்றம், குடிப்பது குற்றமல்ல! மருத்துவர் சீட்டு கொடுத்தால் மருந்துக் கடையில் விஸ்கி கிடைத்தது. தேவாலய வழிபாட்டுக்கான ஒயினுக்கும் விலக்கு உண்டு. கனடாவிலிருந்து சரக்கு கடத்தி வரப்பட்டது. தொழிற்சாலை ஆல்கஹாலைக் குடிக்காமலிருக்க அரசு உத்தரவுப்படி நஞ்சு கலந்தார்கள். அதையும் குடித்துச் செத்தவர்கள் பலர். ஆனாலும் மதுவிலக்கு முழுத் தோல்வி அல்ல. ஆரம்ப ஆண்டுகளில் குடி கணிசமாகக் குறைந்தது. கல்லீரல் சுருக்க நோய்ச் சாவுகளும் குறைந்தன.

1929-ல் பங்குச்சந்தை சரிந்தது. வேலை போனது, வருமானம் போனது, வருமான வரி வசூலும் படுத்தது. மது வரி திரும்பினால் தங்கள் வரிச்சுமை இறங்கும் என்று கணக்குப் போட்ட பியேர் டூபாண்ட் போன்ற கோடீஸ்வரர்கள், மதுவிலக்கை நீக்கப் பணத்தை இறைத்தார்கள். ‘நீக்குவோம்’ என்ற வாக்குறுதியோடு 1932 அதிபர் தேர்தலில் வென்றார் ரூஸ்வெல்ட். 1933 ஏப்ரலில், பீப்பாய்க்கு 5 டாலர் வரியுடன் பீர் விற்பனைக்கு வந்தது. டிசம்பர் 5-ல் மதுவிலக்கை நீக்கும் திருத்தத்துக்கு யூட்டா 36-வது மாநிலமாக ஒப்புதல் தர, மதுவிலக்கு முடிவுக்கு வந்தது. அமெரிக்க வரலாற்றில் முழுமையாக ரத்தான ஒரே அரசியல் சட்டத் திருத்தம் அந்த 18-வது திருத்தம்தான்.

மது வருமானத்துக்கு மாற்று கிடைத்தபோது சட்டம் வந்தது. அந்த மாற்று வற்றியபோது போனது. மதுவை ஒழிக்க விரும்பும் எந்த அரசும், கடைக்குப் பூட்டு வாங்கும் முன் பட்ஜெட்டைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.