அடங்கிற்றா மரபணு?

பரேலிலுள்ள டாட்டா நினைவு மருத்துவமனையை அறியாத மும்பைத் தமிழர் அரியர். ஊரிலிருந்து உறவினரை அழைத்து வந்து அதன் வாயிலில் காத்திருந்தோர் மாதுங்காவிலும் செம்பூரிலும் பலர். அம்மருத்துவமனையைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி மையம் நவி மும்பையின் கார்கரில் இயங்குகிறது. அம்மையத்தார் 2008இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பெருங்குடற் புற்றுநோய் உயிரணுக்களில் ‘பிளாக்கோஃபிலின் 3’ என்னும் புரதத்துக்குரிய மரபணுவை அடக்கிப் பார்த்தனர். அணுக்களைப் பிணைக்கும் அப்புரதம் குறையவே, பிடிப்புத் தளர்ந்து, அவை இடம்பெயரும் இயல்பு மிகுந்தது.

இத்தகைய முடிவை நாம் நம்பவேண்டுமானால், மரபணு எவ்வளவு அடங்கிற்று என்று அளந்தறிதல் வேண்டும். அஃது எங்ஙனம்?

தாராவியின் தோற்பட்டறை ஒன்றை எண்ணிப் பாருங்கள். முதலாளியின் பேரேட்டைப் பார்த்துச் சீட்டுகள் எழுதப்படுகின்றன. சீட்டின்படி பைகள் உருவாகின்றன. பேரேடு மரபணு, சீட்டு தூது ஆர்.என்.ஏ.; பை புரதம். 1998இல் ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் புழுவில் கண்டு விளக்கி, 2006இல் நோபல் பரிசு பெற்ற முறை, பேரேட்டைத் தொடாமல் சீட்டுகளைக் கிழிப்பதாகும்.

ஆகவே, முதலில் எஞ்சிய சீட்டுகளை எண்ணுவர். தூது ஆர்.என்.ஏ.யை டி.என்.ஏ.வாகப் படியெடுத்து, சுற்றுதோறும் இருமடங்காகப் பெருக்குவர். அடக்கப்பட்ட அணுக்கள் குறித்த அளவை எட்ட 3 சுற்றுகள் கூடுதலாக வேண்டுமாயின், எஞ்சியது எட்டில் ஒரு பங்கு, அடங்கியது 87.5 விழுக்காடு. எடுத்த அணுக்களின் தொகை வேறுபட்டால் கணக்குப் பிழைக்கும். ஆதலால், அளவு மாறாத வேறொரு மரபணுவையும் உடன் அளந்து ஈடுசெய்வர்.

சீட்டுக் கிழிந்தாலும் முன்பே தைத்த பைகள் அலமாரியில் இருக்குமன்றோ? புரதமும் அத்தகையதே. எனவே, பொதுவாக 2 அல்லது 3 நாள் பொறுத்து, எதிர்ப்பொருளின் துணையால் புரதத்தையும் தனியே அளப்பர்.

இவை போதா. எம்மரபணுவுக்கும் பொருந்தாத துணுக்கை இட்ட அணுக்களை ஒப்புநோக்குக்கு வைப்பர். அதே மரபணுவை வேறொரு துணுக்கால் அடக்கினும் அதே விளைவு தோன்றுகிறதா என்றும் பார்ப்பர். இன்றேல், தவறான சீட்டு ஒன்று கிழிந்திருக்கலாம்.

அளவை பிழைத்தால், பயனற்ற இலக்கை நாடி மருந்து தேடுவதில் ஆண்டுகள் பல கழியும். பரேல் வாயிலில் காத்திருப்போருக்கு அத்தனை ஆண்டுகள் ஏது?