நேர்ப்படச் சுருளும் நடுத்தர அளவுக் கமராவும்

ஒளிப்படக் கலையிலே கமராவினுள் உண்டாவது ஒன்று. காண்போர் கையிற் சேர்வது மற்றொன்று. ஒளிபட்ட சுருள் கழுவப்பட்டதும் எதிர்ப்படமாகின்றது. அதில் வெண்மை கருமையாகவும் கருமை வெண்மையாகவும் தோன்றும். பின்னர் அது தாளில் அச்சிடப்பட்டே உரிய உருவினைப் பெறுகின்றது. இப்பொது வழக்கிற்குப் புறம்பானது 'சிலைட்' என வழங்கும் நேர்ப்படச் சுருள். நிகழ்ச்சி நடந்த இடத்தில், அந்நேரத்து ஒளியைத் தன்மீது தாங்கிய அதே சுருளே இறுதிப் படமும் ஆகின்றது. எதிர்ப்படம் என்னும் விதை இதற்கு இல்லை. இழந்தால் மீள அச்சிடுதற்கும் வழியில்லை. ஆதலின், நேர்ப்படம் எடுப்போர் தம் கவனம் முழுவதையும் எடுப்பதற்கு முன்னும், எடுத்தபின் காப்பதிலும் செலுத்தக் கடமைப்பட்டவராவர்.

இவ்வேறுபாட்டின் பொருளைக் கொழும்பு நகரத்துக் கலைஞர் ஒருவர் வரலாறு தெளிவாக்கும். லயனல் வென்ட் (1900–1944) பியானோ வாசிப்பிலும் ஒளிப்படத்திலும் ஒருங்கே தேர்ந்தவர். 1943 ஆம் ஆண்டு தோன்றிய '43 குழு' என்னும் ஓவியர் சங்கத்திற்குத் துணைநின்றவர். அவர் மறைந்தபின் அவருடைய எதிர்ப்படங்கள் அழிக்கப்பட்டன. ஆயினும் அவர் தம் கையால் அச்சிட்ட கறுப்பு வெள்ளைப் படங்கள் எஞ்சின. 1950 ஆம் ஆண்டு அவர் படங்கள் நூலாகவும் வெளிவந்தன. எதிர்ப்படம் அழிந்தும் அச்சுப்படம் அவர் புகழைக் காத்தது. அவர் நேர்ப்படமே எடுத்திருந்து அவையும் அழிந்திருப்பின், இன்று யாதும் எஞ்சியிராது.

நேர்ப்படம் உருவாகும் முறை அறிதற்குரியது. சுருளில் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூவகை ஒளியையும் தனித்தனி உணரும் வெள்ளி உப்புப் படலங்கள் ஜெலற்றினில் பதிக்கப்பட்டுள்ளன. முதற் கழுவுநீர் ஒளிபட்ட உப்பைக் கரிய வெள்ளியாக்கும். ஒளிபடாது எஞ்சிய உப்பு அடுத்த நிலையில் மாற்றப்படும்பொழுது அவ்விடங்களிலே நிறச்சாயம் தோன்றும். ஈற்றில் வெள்ளி முழுவதும் நீக்கப்பட, சாயம் மாத்திரமே நிற்கும். ஒளி மிகுதியாகப் பட்ட இடத்திற் சாயம் குறைவு. ஆகவே அவ்விடம் கண்ணாடிபோல் தெளிந்து ஒளியை விடும். நிழல் இருந்த இடத்தில் சாயம் செறிந்து நிற்கும்.

கொடாக் நிறுவனம் 1935 இல் வெளியிட்ட கொடாகுரோம் சுருளை ஆக்கிய லியோபோல்ட் கொடோவ்ஸ்கி, லியோபோல்ட் மான்ஸ் என்னும் இருவரும் இசைவாணர்கள் என்பது வியப்பிற்குரியது. அச்சுருளில் சாயம் கழுவும்போதே சேர்க்கப்பட்டமையால் அதனைக் கழுவுதல் கடினமான பணியாயிருந்தது. 1946 இல் வந்த எக்டாகுரோம், சாயத்திற்குரிய பொருள்களைச் சுருளிலேயே கொண்டது. சிறு நிலையங்களும் அதனைக் கழுவலாயின. கொடாகுரோம் உற்பத்தி 2009 இல் நின்றது. எக்டாகுரோமும் 2012 இல் நிறுத்தப்பட்டதாயினும் 2018 இல் மீண்டும் தோன்றி, 2019 முதல் நடுத்தர அளவிலும் கிடைக்கின்றது.

இனி, சுருளைத் தெரிந்தெடுப்பார் முதற்கண் உணரவேண்டியது நேர்ப்படத்தின் பொறை சிறிது என்பதாகும். நிற எதிர்ப்படம் வெளிச்சத்திற்கும் இருளுக்குமிடையே பத்துப் படிகள் வரையிலும் அதற்கு மேலும் தாங்கும். ஒரு படி என்பது ஒளி இருமடங்காதல். நேர்ப்படமோ ஏறத்தாழ ஐந்து படிகளையே தாங்கும். கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடையிலே, கருங்கல்லாற் கட்டப்பெற்ற பொன்னம்பலவாணேசுவரர் கோயிலை எடுத்துக்கொள்வோம். வெள்ளை வேட்டி உடுத்த அடியார் ஒருவர் வெயிலில் நிற்கின்றார். அவர் பின்னே கன்மண்டபம் நிழலில் இருக்கின்றது. இவ்விரண்டினிடையே உள்ள வேறுபாடு ஐந்து படிகளை எளிதிற் கடந்துவிடும். ஒளிமானி எதனையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கருதுவது. ஆகவே கருங்கல்லை நோக்கி அளந்து எடுத்தால் கல் சாம்பலாக வெளிறும். வேட்டியின் மடிப்புகள் யாவும் மறைந்து வெறுங் கண்ணாடியாகும். வேட்டியை அளந்து அவ்வளவையே கொண்டால் வேட்டி சாம்பலாகும். அடியார் முகம் இருளில் ஆழும். வேட்டியை அளந்து, ஒன்றரை முதல் இரண்டு படிவரை ஒளியைக் கூட்டி எடுப்பதே தக்கது. அவ்வாறு எடுக்கையில் மண்டபம் கருமையுள் மறையும். அதனை விரும்பாதார், மேகம் சூரியனை மறைக்குமளவும் காத்திருத்தல் வேண்டும். எதிர்ப்படத்திற்கு நிழலை நோக்கி அளக்க. நேர்ப்படத்திற்கு வெளிச்சத்தை நோக்கி அளக்க என்பது இதனாற் பெறப்படும் விதி.

கொழும்பு நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ ஏழு பாகையில் உள்ளது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் நண்பகற் சூரியன் உச்சிக்கு மிக அண்மையிலே நிற்கும். அவ்வேளை எடுக்கும் படத்தில் புருவத்தின் நிழல் கண்களை மூடிவிடும். காலை ஒன்பது மணிக்கு முன்னும் மாலை நான்கு மணிக்குப் பின்னும் உள்ள சாய்ந்த ஒளியே நேர்ப்படத்திற்கு உகந்தது. வெள்ளவத்தையில் வீடுகளுக்கும் கடலுக்குமிடையே புகையிரதப் பாதை செல்கின்றது. கடல் மேற்கே உள்ளது. ஆதலின் அங்கு மாலை ஒளி கடலின் பக்கமிருந்து தாழ்ந்து வந்து முகங்களில் நேரே படும். ஆனால் இந்நாட்டில் அந்தி நீடிப்பதில்லை. ஆயத்தமாக இராதார்க்கு அது அகப்படாது.

ஒளியின் அளவைப் போன்றே அதன் நிறமும் கருதத்தக்கது. பகலொளிச் சுருள்கள் ஏறத்தாழ 5,500 கெல்வின் அளவான ஒளிக்கு அமைந்தவை. எண்ணெய் விளக்கின் ஒளி 2,000 கெல்வின் அளவினது. அதனை இச்சுருள் செம்மஞ்சளாகக் காட்டும். குழல்விளக்கொளி பசுமையாகப் படியும்; நீலவானத்தின் கீழ் மரநிழல் நீலம் பாரிக்கும். எதிர்ப்படமாயின் அச்சிடும்பொழுது இவற்றைத் திருத்தலாம். நேர்ப்படத்திற்கு வில்லைமுன் பொருத்தும் நிறக்கண்ணாடி ஒன்றே மருந்து. எனினும் எல்லா வேறுபாட்டையும் குற்றமெனக் கொள்ளுதல் ஆகாது. ஆடிவேல் விழாவில் செட்டியார் தெருவிலிருந்து காலி வீதிவழியே தெற்கு நோக்கி வரும் வேலினைத் தீப ஒளியில் எடுக்குங்கால், அச்செம்மஞ்சளே அவ்விரவின் உண்மை நிறமாகும்.

இந்நோக்குடன் சுருள்களை ஒப்பிடலாம். பூஜி நிறுவனம் 1990 இல் வெளியிட்ட வெல்வியா, நிறங்களை உள்ளதிலும் செறிவாகக் காட்டுவது. கடலுக்கும் பசுமைக்கும் ஏற்றது. மனித முகத்தை அது வேண்டாத செம்மையாக்கும். அதே நிறுவனத்தின் புரோவியா 100எப் நடுநிலையானது. ஷட்டரை 128 செக்கன் வரை திறந்துவைப்பினும் அதற்குத் திருத்தம் வேண்டுவதில்லை. இரவிலே கோபுரத்தை எடுப்பார்க்கு இது பெருந்துணை. எக்டாகுரோம் தூய வெண்மையும் அடங்கிய நிறமும் உடையது. பட்டுச் சேலையும் முகமும் ஒருங்கமைந்த திருமணப் படத்திற்கு அது பொருந்தும். எதனை வாங்கினும், அதனைக் கழுவித் தருவார் எங்குளர் என்பதை முன்னரே உசாவுதல் நன்று.

நிற்க, இச்சுருளின் முழுப் பயனும் நடுத்தர அளவுக் கமராவிலேதான் விளங்கும். 120 என்னும் இலக்கமுடைய அகன்ற சுருள் 1901 முதல் வழங்குவது. சிறுகமராவின் படம் 24 மில்லிமீற்றருக்கு 36 மில்லிமீற்றர். சதுரக் கமராவின் படமோ பக்கம் 56 மில்லிமீற்றர். பரப்பளவில் இது மூன்றரை மடங்கிலும் அதிகம். 1968 டிசெம்பர் 24 ஆம் நாள் சந்திரனைச் சுற்றிய அப்பொலோ 8 கலத்திலிருந்து, புவி உதிக்கும் காட்சியை வில்லியம் அண்டர்ஸ் எடுத்ததும், ஹசல்பிளாட் கமராவில் இட்ட 70 மில்லிமீற்றர் எக்டாகுரோம் சுருளிலேயாம்.

ஜேர்மனியில் 1929 இல் தோன்றிய றோலிபிளெக்ஸ் போன்ற இரட்டைவில்லைக் கமராவை மார்புக்குக் கீழே தாங்கி, தலைகுனிந்து மேற்கண்ணாடியை நோக்குதல் வேண்டும். அதிற் காட்சி இடம்வலம் மாறித் தோன்றும். பழகும்வரை கை தடுமாறும். ஆயினும் எடுப்பவர் முகம் கருவியின் பின் மறைவதில்லை. எதிரே இருக்கும் பாட்டி கமராவைப் பார்த்து விறைக்காமல், தம்முன் தலைகுனிந்து நிற்கும் பேரனையே பார்க்கிறார். அம்முகத்தில் மலரும் இயல்பே படத்தின் உயிர். ஒரு சுருளிற் பன்னிரண்டு படங்களே உண்டு. அச்சிறுமையே நன்மையாகின்றது, ஒவ்வொன்றையும் எடுக்குமுன் எடுப்பவர் ஒருகணம் நின்று சிந்திப்பார். கழுவிவந்த சுருளை வெண்ணிற ஒளிமேசையில் வைத்து உருப்பெருக்கியால் நோக்குவார்க்கு, அன்றைய வெயிலே அவ்விடத்து எரிவதுபோலத் தோன்றும். அச்சுத்தாள் ஒளியைத் தெறிப்பது. நேர்ப்படமோ ஒளியைத் தன்னூடே விடுவது. அதன் நிறம் உள்ளிருந்து ஒளிர்வதற்குக் காரணம் இதுவே.

இத்துணை அருமையுடைய பொருளைக் காத்தல் எளிதன்று. ஜெலற்றின் பூஞ்சணத்திற்கு உணவாவது. காற்றின் ஈரப்பதன் 60 வீதத்திற்கு மேற்பட்டவிடத்துப் பூஞ்சணம் செழிக்கும். கொழும்பின் கடற்காற்று பெரும்பாலும் அவ்வெல்லையைக் கடந்தே நிற்கின்றது. சிலிக்கா ஜெல் இட்ட மூடிய பெட்டியும், அடிக்கடி திறந்து நோக்கும் பழக்கமும் இன்றியமையாதன. எறிகருவியில் நெடுநேரம் நிறுத்தினால் சாயம் வெளிறும். ஈரத்தினும் கொடிய பகையும் உண்டு. 1983 யூலையில் வெள்ளவத்தை முதலிய இடங்களிலே தமிழர் இல்லங்கள் தீக்கிரையானபொழுது, அவற்றுள் இருந்த குடும்பப் படங்களும் சாம்பராயின. தாய்தந்தையரின் இளமை முகத்தைக் காட்ட ஒரு படமேனும் இல்லாத குடும்பங்கள் அதனால் உண்டாயின. உறவினர்க்கு முன்னரே அனுப்பப்பட்ட பிரதிகளே சிலர்க்கு எஞ்சியிருத்தல் கூடும்.

ஆதலின் நேர்ப்படம் எடுப்பார் அதன் சட்டத்தில் நாளும் இடமும் பெயரும் எழுதுக. இன்று எளிதாயுள்ள வருடிக் கருவியால் பிரதி எடுத்து, வேறொரு வீட்டிலும் வேறொரு நாட்டிலும் வைக்க. பிரதி மூலத்தின் ஒளியை முழுதும் தராது. எனினும் ஒற்றை உடலோடு பிறந்த படத்திற்கு அது இரண்டாம் உயிராகும்.