கடலடிக்கு எந்தக் காமிரா?

இத்தாலி நாட்டின் வடமேற்குக் கரையில், கமோலிக்கும் போர்ட்டோஃபினோவுக்கும் இடையே, சான் ஃப்ருத்துவோசோ என்னும் பழைய ஆசீர்வாதப்பர் சபை மடம் ஒன்று சிறு குடாவை நோக்கி நிற்கிறது. அக்குடாவின் அடியில், ஏறக்குறைய 17 மீட்டர் ஆழத்தில், இரு கரங்களையும் மேல்நோக்கி உயர்த்தியவாறு நம் ஆண்டவரின் வெண்கலச் சுரூபம் ஒன்று உள்ளது. 'ஆழங்களின் கிறிஸ்து' என அதனை அழைக்கின்றனர். உயரம் சுமார் இரண்டரை மீட்டர். வடித்தவர் குயிதோ கல்லெத்தி என்னும் சிற்பி. 1947-இல் அப்பகுதியில் மூழ்குகையில் உயிர் நீத்த தாரியோ கொன்சாத்தியின் நினைவாக, 1954-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22-ஆம் நாள் அது கடலில் இறக்கப்பட்டது.

என் தமக்கையின் மகன் பயணிகள் கப்பலொன்றில் பணிபுரிகிறான். கப்பல் ஜெனோவாத் துறைமுகத்தை அடையும்போதெல்லாம் அச்சுரூபத்தைக் காண வேண்டும் என்பது அவனது ஆவல். ஸ்கூபா முறையில் மூழ்கப் பயின்று, 18 மீட்டர் வரை இறங்கலாம் என்ற சான்றிதழும் பெற்றான். "சாமி மாமா, அம்மாவுக்குப் படம் எடுத்துக் கொண்டு வருகிறேன்" என்று தொலைபேசியில் சொன்னவன், உள்ளங்கையில் அடங்கும் ஆக்‌ஷன் காமிரா ஒன்றையும் வாங்கினான். 'நீர் புகாது' என்று பெட்டியின் மேல் எழுதியிருந்ததாம். எத்தனை மீட்டர் வரை புகாது என்பதை அவன் படிக்கவில்லை.

அது 10 மீட்டருக்கான காமிரா. சுரூபத்தின் முகத்தருகே சென்றபோது திரை மினுங்கி அணைந்தது. பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்திப் பார்த்தான், உலுக்கிப் பார்த்தான். அந்தப் போராட்டத்தில் காற்றழுத்தமானியை அவன் பார்க்கவே இல்லை. வழிகாட்டி வந்து தோளைப் பற்றித் திருப்பி, மானியை அவன் கண்முன் நீட்டியபோது 40 பார் மட்டுமே எஞ்சியிருந்தது. 200 பாருடன் இறங்கியவன் 50 பார் இருக்கும்போதே நீர்மட்டத்தை அடைந்திருக்க வேண்டும். வழிகாட்டி தம்மிடமிருந்த உபரிக் குழாயை அவன் வாயில் வைத்து, மெல்ல மெல்ல மேலே அழைத்து வந்தார். 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிறுத்தியும் வைத்தார். காமிரா போயிற்று, மருமகன் வந்து சேர்ந்தான். என் தமக்கைக்கு இதில் பாதிதான் தெரியும்.

மறுமுறை வாங்குமுன் அவன் என்னிடம் யோசனை கேட்டான். கடலில் கணுக்கால் வரை நனைத்ததற்கு மேல் எனக்கு அனுபவம் இல்லை. ஆயினும் இயற்பியலில் எனக்குள்ள பழைய ஆர்வத்தினாலும், அறிந்தோரிடம் கேட்டதனாலும் தெளிந்தவற்றை இங்கே எழுதுகிறேன். வெளிநாட்டில் பொருளீட்டும் நம் இல்லத்து இளைஞர் பலர் இன்று கடலடிக்குச் செல்கின்றனர். விலையுயர்ந்த கருவிகளையும் வாங்குகின்றனர்.

முதற்கண் ஆழம். கடல்நீரில் 10 மீட்டர் இறங்குந்தோறும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 17 மீட்டரில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஏறத்தாழ 2.7 கிலோ பாரம் அழுத்தும். 2024-இல் வெளிவந்த கருவிகளையே எடுத்துக்கொள்வோம். கோப்ரோ ஹீரோ 13 பிளாக் உறையின்றி 10 மீட்டர் வரை தாங்கும். இன்ஸ்டா360 ஏஸ் புரோ 2 12 மீட்டர். டிஜேஐ ஆஸ்மோ ஆக்‌ஷன் 5 புரோ 20 மீட்டர். மூன்றிற்கும் தனியே விற்கப்படும் நீர்புகா உறையை மாட்டினால் 60 மீட்டர் வரை செல்லலாம். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், கீ லார்கோ அருகே 1965-இல் கடலில் நிறுவப்பட்ட இதே சுரூபத்தின் பிரதி சுமார் 8 மீட்டர் ஆழத்திலேயே உள்ளது. அங்கே இம்மூன்றில் எதுவும் உறையின்றிப் போதும். சான் ஃப்ருத்துவோசோவில் 20 மீட்டர் தாங்கும் கருவிக்குங்கூட உறை மாட்டுவதே என் கட்சி. எல்லையின் விளிம்பில் நின்று பொத்தானை அழுத்துவது வீண் துணிச்சல்.

உறை என்றவுடன் ரப்பர் வளையத்தைச் சொல்ல வேண்டும். உறையின் கதவைச் சுற்றி ஓடும் அந்த மெல்லிய வளையமே நீருக்கும் காமிராவுக்கும் இடையே நிற்கும் காவல். ஒரு தலைமயிர், ஒரு மணல் துகள் அதன்மேல் கிடந்தாலும் போதும், நீர் புகுந்துவிடும். ஒவ்வொரு முறையும் நல்ல வெளிச்சத்தில் அதனை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். புது உறையாயின், முதல் தடவை காமிராவை வைக்காமல் மெல்லிய காகிதத்தை மட்டும் உள்ளே வைத்து மூழ்கிவர வேண்டும்; காகிதம் உலர்ந்திருந்தால் மறுமுறை காமிராவை நம்பி ஒப்படைக்கலாம். கரையேறியதும் நன்னீரில் ஊறவைத்து உப்பைப் போக்க வேண்டும். வெயிலில் சூடேறிய உறை குளிர்ந்த நீரில் இறங்கினால் கண்ணாடியின் உட்புறம் பனிக்கும். ஈரம் உறிஞ்சும் சிறு பட்டைகளை உள்ளே செருகி அதனைத் தவிர்ப்பர்.

அடுத்தது நிறம். கடைக்காரர் பெரும்பாலும் சொல்லாத விஷயம் இதுவே. நீர் செந்நிற ஒளியை முதலில் விழுங்குகிறது. ஐந்து, பத்து மீட்டருக்குள்ளேயே சிவப்பு மங்கிவிடும். பின்னர் ஆரஞ்சு, மஞ்சள். 30 மீட்டரில் விரல் வெட்டுண்டால் குருதி பச்சையாய்த் தோன்றும் என்கின்றனர் மூழ்குவோர். ஆகவே எத்துணை நுண்மையாய்ப் பதியும் காமிராவாயினும், வெறுமனே எடுத்தால் கிடைப்பது நீலப் படமே. 4கே, 5கே, 8கே என்று எண்களை அடுக்கி விளம்பரம் செய்வதில் மயங்கிப் பணத்தைக் கொட்ட வேண்டாம்! ஒளியைப் பிடிக்கும் பரப்பு பெரிதாயுள்ளதா, வெண்மையை அந்த ஆழத்திற்கேற்பச் சரிப்படுத்த வழியுண்டா என்று கேளுங்கள்.

தெளிந்த நீலநீரில் சுமார் 5 முதல் 20 மீட்டர் வரை, வில்லையின்மேல் மாட்டும் சிவப்பு ஃபில்டர் ஓரளவு உதவும். அதற்கு மேலிருந்து வரும் கதிரொளி வேண்டும், மாலையில் பயனில்லை. மெய்யான நிறம் வேண்டுமெனில் விளக்கு தேவை. அதுவும் ஓரிரு மீட்டர் தூரத்திற்கே பயன்படும். விளக்கு எரியும்போது சிவப்பு ஃபில்டரைக் கழற்றிவிட வேண்டும். இல்லையேல் படம் செக்கச் செவேலென்றாகிவிடும். காமிராவின் தலைமேலேயே விளக்கைப் பொருத்துவது தவறு. மார்கழிப் பனியில் பேருந்தின் முன்விளக்கு எரிந்தால் பாதை மறைந்து பனியே தெரிவதுபோல, நீரில் மிதக்கும் துகள்களெல்லாம் வெண்புள்ளிகளாய் ஒளிரும். விளக்குகளை இரு பக்கமும் தள்ளி, நீண்ட கரங்களில் பொருத்துவதே முறை.

நீரில் பொருள்கள் நான்கில் ஒரு பங்கு அருகிலும், மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தோன்றும். தட்டையான கண்ணாடி வழியே பார்க்கும் காமிராவின் பார்வையும் குறுகும். எனவே அகன்ற கோணம் தேவை. தூர நின்று எடுப்பதைவிட அண்மித்து எடுப்பது தெளிவு தரும்.

தொடுதிரை நீருக்கடியில் வேலை செய்யாது. கையுறை அணிந்த விரலுக்கும் எட்டும் பெரிய பொத்தான் வேண்டும். எல்லா அமைப்புகளையும் படகிலேயே முடித்துவிட்டு, கீழே ஒரே பொத்தானை அழுத்தும் வகையிலுள்ள காமிராவே மூழ்குவோருக்கு நல்லது. மிதக்கும் கைப்பிடி மேலே நீந்துவோருக்குச் சரி. ஆழத்தில் அது ஓயாமல் மேல்நோக்கி இழுக்கும்.

1893-இல் பிரான்சின் பான்யூல்ஸ் கடலில் லூயி பூத்தான் என்னும் உயிரியல் அறிஞர் நீருக்கடியில் படமெடுத்தபோது, ஒரு படத்திற்கு அரைமணி நேரம் வரை காத்திருக்க நேர்ந்ததாம். 1963-இல் வந்த நிக்கோனாஸ் காமிராவில் 36 படங்களுடன் சுருள் முடிந்துவிடும். அன்று எண்ணி எண்ணிப் படமெடுத்தனர். இன்றைய கருவியோ ஒரு மணி நேரத்திற்கு மேலும் ஓடுகிறது. மூழ்குபவனின் கண்ணும் அவ்வளவு நேரமும் சிறு திரையிலேயே கிடக்கிறது. ஸ்கூபாவின் முதல் விதி, மூச்சை ஒருபோதும் அடக்காதே என்பது. கை ஆடாமல் எடுக்க வேண்டுமென்று மூச்சடக்கியபடி சற்றே மேலெழுந்தால், விரியும் காற்று நுரையீரலையே கிழித்துவிடக்கூடும். உடலை நீரில் ஒரே மட்டத்தில் நிறுத்தப் பழகாதவர் காமிராவைத் தொடவே கூடாது என்று நல்ல பயிற்சியாளர் சொல்வது இதனால்தான்.

என் மருமகனுக்கு இதையே சொன்னேன். "அடுத்த பத்து முறை காமிரா இல்லாமல் இறங்கு, பிறகு வாங்கு." முனகினான், ஆயினும் கேட்டான். பின்னர் அவன் வாங்கியது மிக உயர்ந்த ரகமன்று. மிச்சப் பணத்தில் உறையும், இரு விளக்குகளும், காமிராவை இடுப்பில் பிணைக்கும் சுருள் கயிறும் வாங்கினான்.

சென்ற கோடையில் அவன் எடுத்த படம் மூன்று நிமிடம் கூட இல்லை. விளக்கொளியில் அத்திருமுகம் வெண்கல நிறத்தில் தெரிகிறது. உயர்த்திய கரங்களினூடே சிறு மீன்கள் போகின்றன. நடுவில் இருமுறை படம் கீழ்நோக்கிச் சாய்ந்து, அவனது இடக்கையிலுள்ள மானியைக் காட்டுகிறது. முதலில் 130, பின்பு 90. "இதையெல்லாம் வெட்டி எறிந்திருக்கலாமே!" என்றாள் தமக்கை. வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன்.