படகில் ஏற்றும் விளக்கு

புனித இராயப்பர் இரவில் வலை வீசியவர். இரவெல்லாம் உழைத்தும் ஒன்றும் அகப்படாமல், கரையில் வலையை அலசிக்கொண்டிருந்த வேளையில்தான் ஆண்டவர் அவருடைய படகில் ஏறினார் என்று நற்செய்தியில் படிக்கிறோம். அக்காலத்து நார்வலையைப் பகல் வெளிச்சத்தில் மீன்கள் எளிதில் கண்டு விலகிவிடும். ஆதலால் இருளே மீனவனுக்குத் துணையாயிற்று. அந்த இராயப்பரின் பெயரைத் தாங்கி நிற்பதாகச் சொல்லப்படும் நம் இராயபுரத்திலும், காசிமேட்டிலும், திருவொற்றியூர்க் குப்பங்களிலும், எண்ணூரிலும் இன்றும் பைபர் படகுகள் பல பொழுது சாய்ந்த பின்னரே வலை விரிக்கின்றன. நைலான் வலை வந்தும் இவ்வழக்கம் மாறவில்லை.

மாதவரத்தில் வாழும் நமக்குக் கடல் கண்ணில் படுவதில்லை. ஆயினும் நம் வீட்டுச் சட்டியில் கொதிக்கும் நெத்திலியும் கானாங்கத்தையும் பெரும்பாலும் அந்த இருளிலிருந்து வந்தவையே. ஆகவே படகு விளக்கைப் பற்றிக் குடும்ப ஏட்டில் எழுதுவது வாசகர்களுக்கு வியப்பாயிராது என நம்புகிறோம்.

கட்டுமரக் காலத்தில் அரிக்கன் விளக்கு ஒன்றே துணை. பின்னர் பெட்ரோமாக்சும் டார்ச் விளக்கும் வந்தன. இப்போது எல்லாம் எல்.இ.டி. நீல ஒளி தரும் எல்.இ.டி.யைக் கண்டறிந்த அகசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டில் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த நீல ஒளியிலிருந்தே வெள்ளை ஒளி பிறந்தது. அதனால் சின்னஞ்சிறு பேட்டரியே ஓர் இரவுக்குப் போதும் என்றாயிற்று. கணக்கை வாசகர்களே போட்டுப் பார்க்கலாம். 3 வாட் விளக்குகள் மூன்று எரிந்தால் 9 வாட். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இது முக்கால் ஆம்பியரே இழுக்கும். பத்து மணி நேரத்திற்கு ஏழரை ஆம்பியர்-மணி. 20 ஆம்பியர்-மணி கொண்ட பேட்டரியில் பாதிகூடச் செலவாகாது. பாதிக்குமேல் இறக்காதிருந்தால் பேட்டரியும் நீண்ட நாள் உழைக்கும்.

ஆனால் எதற்காக விளக்கு? இதுவே நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. பார்ப்பதற்கென்று பலர் விடை சொல்வர். அதைவிட முந்தியது, பிறர் கண்ணில் படுவது. நம் வடசென்னைக் கடல் வெறும் மீன்பிடிக் கடலன்று. சென்னைத் துறைமுகம், எண்ணூர்க் காமராசர் துறைமுகம், காட்டுப்பள்ளி என மூன்று துறைமுகங்களின் கப்பல்கள் அங்கே இரவும் பகலும் வந்து போகின்றன. 2017ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள் விடியுமுன் எண்ணூருக்கு அப்பால் எரிவாயுக் கப்பலொன்றும் எண்ணெய்க் கப்பலொன்றும் மோதிக்கொண்டதையும், கரையில் ஒதுங்கிய கருங்குழம்பை மக்கள் வாளி வாளியாக அள்ளியதையும் நாம் மறந்துவிடவில்லை. எல்லாக் கருவிகளும் பூண்ட இரு பெருங்கப்பல்களே ஒன்றையொன்று தவிர்க்க இயலாதபோது, நீர்மட்டத்தோடு ஒட்டிக் கிடக்கும் ஒரு பைபர் படகின் கதி என்ன? ராடார் திரையில் அது சரிவரத் தெரியாது. தெரிந்தாலும் பெருங்கப்பல் நினைத்த இடத்தில் நிற்காது.

கடலில் மோதல் தவிர்ப்பதற்கான உலக விதிகள் 1972ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டன. அவற்றின்படி ஓடும் படகுக்கு இடப்புறம் சிவப்பு, வலப்புறம் பச்சை. 12 மீட்டருக்குக் குறைந்த படகாயின் இவற்றோடு எல்லாத் திசைக்கும் தெரியும் வெள்ளை விளக்கு ஒன்று போதும். அது இரண்டு கடல்மைல் தொலைவுக்குத் தெரிய வேண்டும். இழுவலையன்றி வேறு வலை விரித்துக் கிடக்கும் படகு மேலே சிவப்பும் அதன்கீழே வெள்ளையும் காட்ட வேண்டும். இந்நிறங்கள் வெறும் அழகுக்கல்ல. கப்பலின் மாலுமி இவற்றைக் கொண்டே படகு எப்பக்கம் போகிறது, என்ன செய்கிறது என்று படித்துக்கொள்கிறார். திருவிழாச் சப்பரத்தைப் போலப் பல வண்ணச் சரவிளக்குகளைச் சில படகுகளில் தொங்கவிடுகிறார்கள். கண்ணுக்கு இனிமைதான். ஆனால் அதைக் காணும் மாலுமிக்கு ஒன்றும் விளங்காது. உரிய விளக்குகளை மறைக்கும் வேறு விளக்கை அவ்விதிகளே தடுக்கின்றன.

பொருத்தும் முறையிலும் கவனம் வேண்டும். உப்புநீர் செம்பை அரித்துத் தின்றுவிடும். ஆதலால் ஈயம் பூசிய கம்பியே நல்லது. இணைப்புகளைப் பற்றவைத்து உறை போட்டு மூட வேண்டும். கம்பியை முறுக்கி நாடா சுற்றுவது கடலில் செல்லாது. பேட்டரிக்கு அருகிலேயே பியூஸ் இருக்கட்டும். வேலை செய்யும் விளக்கைத் தாழ்வாக, மேலே மூடியிட்டு, வலைமீது மட்டும் ஒளி விழுமாறு வைக்க வேண்டும். இருளுக்குப் பழகக் கண்ணுக்கு அரை மணி நேரம் பிடிக்கும். முகத்தில் அடிக்கும் ஒரு வெள்ளொளி அப்பழக்கத்தை நொடியில் கெடுத்துவிடும். பிறகு எதிரே வரும் கப்பலும் தெரியாது.

பலர் அறியாத இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். மலிவான எல்.இ.டி. விளக்குகள் சில வி.எச்.எப். வயர்லெசில் இரைச்சலைக் கிளப்பி, வரும் குரலை விழுங்கிவிடுகின்றன. அமெரிக்கக் கடலோரக் காவற்படையே 2018ஆம் ஆண்டில் இதைக் குறித்து எச்சரித்தது. சோதிப்பது எளிது. வயர்லெசை அமைதியான அலைவரிசையில் வைத்து விளக்கைப் போடுங்கள். இரைச்சல் கேட்டால் அந்த விளக்கு வேண்டாம். ஆபத்தில் கூப்பிட வேண்டிய 16ஆம் அலைவரிசையை ஒரு விளக்கு ஊமையாக்கிவிடலாகாது.

இதுவரை சொன்னது சிறு விளக்கு. இனிப் பெரிய விளக்கு.

படகொன்றை மந்திரிக்கச் சென்ற இடத்தில் ஓர் இளைஞர் நம்மைத் தனியே அழைத்தார். “சாமி, பெரிய லைட்டு போடலாம்னு இருக்கேன். ஜெனரேட்டரோட கடனுக்குத் தர்றாங்களாம். பக்கத்துப் போட்டுல லைட்டு இருந்தா மீனெல்லாம் அங்க போயிடுது. நான் மட்டும் சும்மா இருந்தா என் புள்ளைங்க என்ன பண்ணும்?” என்றார். அவருடைய குரலில் பேராசை இல்லை, அச்சமே இருந்தது.

அவர் சொன்னது உண்மையே. நிலவற்ற இரவில் ஒளி பாய்ச்சினால் நுண்ணுயிர்கள் அங்கே திரளும். அவற்றைத் தின்னக் கவலையும் நெத்திலியும் வரும். அவற்றைத் தேடிக் கடம்பா வரும். சிவப்பு ஒளியைக் கடல் சில மீட்டரிலேயே விழுங்கிவிடும். நீலமும் பச்சையும் ஆழம்வரை செல்லும். எல்.இ.டி. அந்நிறங்களைச் சிக்கனமாகத் தருவதால்தான் இத்தனை மோகம். திரண்ட கூட்டத்தைச் சுருக்குமடியால் வளைத்தால் தாயும் குஞ்சும் ஒன்றாக அகப்படும். குஞ்சு சந்தையில் விலைபோகாது; மீன்தூளாகிக் கோழித் தீவனத்தில் சேரும். மத்திய அரசு 2017ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் ஆணையில், 12 கடல்மைலுக்கு அப்பாலுள்ள நம் நாட்டுப் பொருளாதாரக் கடலில் எல்.இ.டி. முதலிய செயற்கை ஒளியால் மீன் திரட்டுவதைத் தடை செய்தது. ஆப்பிரிக்காவின் கானா நாடு 2010ஆம் ஆண்டின் விதிகளிலேயே தடுத்திருந்தது. சுருக்குமடிக்கு உச்ச நீதிமன்றம் 2023 சனவரியில் அளித்த இடைக்கால அனுமதியும் 12 கடல்மைலுக்கு அப்பால், வாரத்தில் இரண்டு நாள், காலை 8 முதல் மாலை 6 வரை என்று பகலோடு நின்றது.

சட்டத்தைக் காட்டி அவரை அனுப்பிவிட நமக்கு மனம் வரவில்லை. “தம்பி, நீ ஆயிரம் வாட் போட்டால் பக்கத்துப் படகு இரண்டாயிரம் போடும். விசைப்படகுக்காரர் இருபதாயிரம் போடுவார். இந்தப் பந்தயத்தில் கடன் வாங்கியவன் எந்நாளாவது வென்றதுண்டா?” என்று கேட்டோம். சிறுதொழில் மீனவருக்கெனக் கரையோரக் கடலைத் தமிழகத்தின் 1983ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கியது எவ்வளவு போராட்டத்தின் பின் என்பதை அவருடைய தகப்பனார் தலைமுறை அறியும். பெரிய விளக்கு அந்த எல்லைக்கோட்டை அழித்துவிடுகிறது. வெளியே ஒளி எரிந்தால் உள்ளேயிருக்கும் மீனும் புறப்பட்டுப் போகும். எல்லை இருந்தும் பயனில்லை. இளைஞர் யோசிப்பதாகச் சொன்னார். முழுதும் ஒப்பினார் என்று நாம் கூற மாட்டோம். தடை ஏட்டில் மட்டும் இருந்து, கடலில் பெரிய விளக்கு எரிந்துகொண்டிருக்கும்வரை அவருடைய கேள்விக்கு நியாயம் உண்டு. அதற்கு விடை சொல்ல வேண்டியவர் அவரல்லர். கண்காணிக்கக் கடமைப்பட்டவரும், பெரிய படகுகளுக்கு முதல் போட்டவருமே. திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் கட்டுப்பாடற்ற மீன்பிடிப்பைக் குறித்து எழுதியதை நம் மேடைகளில் மரம் நடுவிழாவோடு முடித்துவிடுகிறோம் என்பது நமது குறை.

விளக்கையே பழிப்பது நம் நோக்கமன்று. பெரு நாட்டுச் சிறு படகு மீனவர் தம் செவுள்வலையின் மேற்கயிற்றில் பச்சை எல்.இ.டி. விளக்குகளைக் கட்டிப் பார்த்தனர். 2016ஆம் ஆண்டில் வெளியான அவ்வாய்வில், வலையில் சிக்கிய பச்சை ஆமைகள் ஏறத்தாழ 64 விழுக்காடு குறைந்தன. பிடிக்க வந்த மீனோ குறையவில்லை. 2025 சனவரியில் நம் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியதைக் கண்டோர்க்கு இச்செய்தியின் அருமை புரியும். நம் ஆமை வேறு, நம் வலை வேறு. ஆதலால் இங்கே சோதித்தே அறிய வேண்டும். அவ்விளக்குகளையும் அவற்றின் பேட்டரிகளையும் ஏழை மீனவர் தம் கைப்பணத்தில் வாங்குவது கடினம். இராயபுரத்தில் மத்திய அரசின் மீன்பிடிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. மாதவரத்திலேயே மீன்வளப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பண்ணை இருக்கிறது. மார்கழிக்கு முன் நம் பங்குகளின் மீனவர் சங்கங்கள் அவர்களை அணுகி, இரண்டு வலைகளிலேனும் கட்டிப் பார்க்கக் கேட்கலாம்.