நெற்றியிலும் செவியிலும் உஷ்ணமானி

அக்குளில் பாதரச உஷ்ணமானியைச் செருகிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருக்கும் வழக்கம் குறைந்து வருகிறது. பாதரசத்தின் நச்சுத்தன்மையை முன்னிட்டு ஏற்பட்ட மினமாட்டா உடன்படிக்கை 2017-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. 2020-ஆம் ஆண்டின் தொற்றுநோய்க் காலத்தில், உடலைத் தொடாமலே நொடிப்பொழுதில் எண்ணைக் காட்டும் கருவி பொது இடங்களின் வாயில்தோறும் வந்தது. இன்று நெற்றிக்கு ஒன்றும் செவிக்கு ஒன்றுமாக வீடுகளிலும் இவை புழங்குகின்றன. எண் விரைவில் கிடைத்துவிடுகிறது. அது உடலின் உண்மையான உஷ்ணந்தானா என்பதே ஆராயத்தக்கது.

1800-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானநூல் அறிஞர், சூரிய ஒளியை முப்பட்டகத்தால் நிறங்களாகப் பிரித்து, சிவப்புக்கு அப்பால் ஒளியே புலப்படாத இடத்தில் உஷ்ணமானியை வைத்தார். அது ஏறிற்று. அகச்சிவப்புக் கதிர்கள் என இன்று வழங்கும் அக்கதிர்களை மனிதனின் சருமமும் இடைவிடாது வீசிக்கொண்டிருக்கிறது. கருவியின் முனையிலுள்ள உணரி அவற்றை ஏற்று, சருமத்தின் மேற்பரப்பு உஷ்ணத்தை அறிகிறது. நெற்றியின் மேற்பரப்போ உடலின் உட்புறத்தைவிடக் குளிர்ந்தது. எனவே, தயாரித்தவர் அமைத்துள்ள கணக்கின்படி கருவி சிறிது கூட்டி, அதையே உடல் உஷ்ணமாகக் காட்டுகிறது. சில கருவிகளில் உடல், பொருள் என இருவகை அளவிற்கும் ஒரு விசை உண்டு. அது பொருளின் பக்கம் திரும்பியிருப்பின் இக்கூட்டல் நிகழாது. ஜுரமுள்ள மாணவனும் நலமுள்ளவனாகத் தோன்றுவான்.

நெற்றியில் வியர்வை இருப்பின் அது ஆவியாகும்போது சருமம் குளிர்ந்து, எண் குறையும். ஜுரத்திற்கென நெற்றியில் ஈரத்துணி இட்டு, அதை எடுத்தவுடனே அளந்து, "ஜுரம் தணிந்தது" என மகிழ்வது பல இல்லங்களில் நிகழும் பிழை. தணிந்தது நெற்றி மட்டுமே. வெயிலில் நடந்து வந்தவனுக்கோ இதற்கு மாறாக எண் மிகுந்து காட்டலாம். திலகம், சந்தனம், எண்ணெய், முன்மயிர் ஆகியவை கருவிக்கும் சருமத்திற்கும் இடையே திரையாகும்.

இவற்றினும் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஜுரம் ஏறத் தொடங்கும் வேளையில், உடல் தன் வெப்பத்தை உள்ளே காத்துக்கொள்ளும் பொருட்டுச் சருமத்தின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. அப்பொழுது குழந்தை நடுங்கும், கைகால் சில்லிடும், நெற்றியும் குளிர்ந்திருக்கும். உட்புறத்திலோ உஷ்ணம் ஏறிக்கொண்டிருக்கும். நெற்றிக் கருவி மிகவும் ஏமாறுவது இவ்வேளையில்தான். நடுங்கும் குழந்தையைக் கருவியின் எண்ணை நம்பி வகுப்பிற்கு அனுப்புதல் தகாது. அக்குளில் டிஜிட்டல் உஷ்ணமானி வைத்துப் பார்ப்பதோடு, அரைமணி கழித்து மீண்டும் அளத்தல் வேண்டும்.

செவிக்கருவி இத்தொல்லைகளிலிருந்து ஓரளவு விடுபட்டது. செவிப்பறை உடலின் உள்ளே அமைந்திருப்பதால் அதன் உஷ்ணம் உட்புற உஷ்ணத்தை நெருங்கியிருக்கும். ஆயின் செவிக்குழல் வளைந்தது. அதை நிமிர்த்தாவிடில், கருவி செவிப்பறையைக் காணாது குழலின் குளிர்ந்த சுவரையே கண்டு குறைத்துக் கூறும். பெரியவர்க்கும் வளர்ந்த குழந்தைகட்கும் செவிமடலை மேலும் பின்னுமாக இழுத்தல் வேண்டும். ஓராண்டு நிரம்பாத சிசுவுக்கு நேரே பின்னால் இழுத்தல் போதும். ஆறு மாதத்திற்கு உட்பட்ட சிசுக்களின் செவிக்குழல் குறுகலானதாதலின் அவர்கட்கு இக்கருவி ஏற்றதன்று. குறும்பி மிகுந்திருந்தாலும் முனையின் கண்ணாடி அழுக்கேறியிருந்தாலும் எண் குறையும். தலையணையில் அழுந்தியிருந்த செவி சற்றுச் சூடாகவே இருக்கும்.

கருவிக்கும் ஏற்ற சூழ்நிலை வேண்டும். நெற்றிக் கருவிகள் பல 16 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரையுள்ள இடத்திற்கென அமைந்தவை. நாகபுரியில் மே மாதத்துப் பகலில் 45 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. அங்குத் திறந்தவெளியில் நின்று அளத்தல் பயனற்றது. வெயிலில் நின்ற வாகனப் பெட்டியிலிருந்து எடுத்த கருவியும் அவ்வாறே. கருவியையும் அளக்கப்படுபவரையும் ஒரே நிழலில், மின்விசிறிக் காற்று நேரே படாமல், கால்மணி நேரமேனும் இருத்திய பின் அளத்தல் நலம். தொடாத கருவியை எத்தனை சென்டிமீட்டர் தொலைவில் பிடிப்பது என்பது கருவிக்குக் கருவி மாறும். உடன்வரும் குறிப்பேட்டைப் பாராது பயன்படுத்துவோரே மிகுதி.

38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி பாரன்ஹீட், ஜுரத்தின் எல்லையாகப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. மூன்று மாதம் நிரம்பாத சிசுவுக்கு இவ்வளவு காணின் தாமதியாது மருத்துவரிடம் சேர்த்தல் வேண்டும். நெற்றிக் கருவி குறைத்துக் காட்டினும், பாலுண்ண மறுத்துச் சோர்ந்த சிசுவுக்கும் அதுவே முறை. ஆஷா பணியாளர்கள் பிறந்த குழந்தைக்கு இன்றும் அக்குளிலேயே உஷ்ணம் பார்க்கின்றனர்.

பதிவேட்டில் எண்ணை மட்டும் எழுதாது, நெற்றியா, செவியா, அக்குளா என்பதையும் மணியையும் உடன் குறித்தல் வேண்டும். காலையில் நெற்றியில் கண்ட எண்ணையும் மாலையில் செவியில் கண்ட எண்ணையும் ஒப்பிட்டு ஜுரம் ஏறிற்று என்றோ இறங்கிற்று என்றோ கூற இயலாது.