வீடு ஒன்று, கவுண்டர் ஐந்து: பினாங்கில் சிக்கலில் இருக்கும் குடும்பம் எங்கே போவது?

ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வீடு ஆயர் ஈத்தாம், ரைஃபிள் ரேஞ்ச் ஃபிளாட்டில். அப்பாவுக்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இருந்த வேலை போய்விட்டது, குடி கூடிவிட்டது. அம்மா ஒரு சாப்பாட்டுக் கடையில் நள்ளிரவு வரை பாத்திரம் கழுவுகிறார். 14 வயது மகன் பள்ளிக்கு மட்டம் போடுகிறான். 6 வயது மகளின் பிறப்புப் பத்திரத்தில் குடியுரிமை இல்லை என்று போட்டிருக்கிறது. சில இரவுகளில் அப்பா கை நீட்டுகிறார்.

இதில் எதை முதலில் பார்ப்பீர்கள்? பெரும்பாலும் கண்ணில் படுவதைத்தான் பிடிப்போம்: மட்டம் போடும் பையன். "வளர்ப்பு சரியில்லை" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு லிஃப்டில் ஏறிப் போய்விடுவோம். அவன் ஏன் காலையில் எழுந்திருக்கவில்லை? அம்மா வரும் வரை தங்கச்சியைப் பார்த்துக்கொண்டது அவன்தான். அதற்குப் பிறகு சண்டை. எப்போது தூங்குவது?

இப்போது கவுண்டர்களை எண்ணுங்கள். மகனுக்குப் பள்ளி. மகளுக்கு தேசியப் பதிவுத் துறை, அதாவது ஜேபிஎன். உதவித்தொகைக்கு சமூக நலத் துறை, நாம் சொல்லும் ஜேகேஎம். அடிக்குப் போலீஸ். குடிக்கு மருத்துவமனை. ஐந்து இடத்திலும் அதே கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். நாள் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு கவுண்டரும் ஒரு நாள் கூலி.

முன்பு யார் பார்த்துக்கொண்டார்கள்?

ஜார்ஜ்டவுன் பழைய கடைவீடுகளில், பக்கத்து வீட்டுப் பாட்டியே பாதி நலத் துறை. 1966 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் அங்கே வாடகை குறைவாக இருந்தது. அந்தக் கட்டுப்பாடு 2000 ஜனவரி 1 முதல் இல்லாமல் போனது. வாடகை ஏற, பல குடும்பங்கள் ஆளுக்கொரு ஃபிளாட்டாகச் சிதறின. பாட்டி ஒரு பக்கம், பேரப்பிள்ளை ஒரு பக்கம்.

பழசு எல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. அதே அக்கம்பக்கம்தான் அடிபட்ட பெண்ணிடம் "குடும்ப விஷயம், வெளியே சொல்லாதே" என்றும் சொன்னது. அதற்கு மாற்றாக 1985-ல் பினாங்கில் தொடங்கியதுதான் இன்றைய விமன்ஸ் சென்டர் ஃபார் சேஞ்ச். கவுன்சலிங், தற்காலிகத் தங்குமிடம், நீதிமன்றத்துக்குத் துணைக்கு வருவது என மூன்றையும் ஒரே கதவு வழியாகத் தருகிறது.

கோயில் கல்யாணம் போதாதா?

நம் வீடுகளில் அதிகம் மாட்டிக்கொள்ளும் முடிச்சு இது. 1982 மார்ச் 1-க்குப் பிறகு முஸ்லிம் அல்லாதவர் திருமணம் சட்டப்படி பதிவாக வேண்டும். தாலி கட்டினால் மட்டும் போதாது. பதிவு இல்லையென்றால், குடியுரிமை விஷயத்தில் குழந்தை அப்பாவைப் பின்பற்றாது, அம்மாவைத்தான் பின்பற்றும். நம் கற்பனைக் குடும்பத்தில் அம்மாவின் பிறப்பையே யாரும் பதியவில்லை. அதனால் அப்பாவிடம் நீல நிற மைகார்டு இருந்தும் மகள் குடிமகள் ஆகவில்லை. இனி அரசியலமைப்பின் 15ஏ பிரிவின்கீழ் விண்ணப்பிக்க வேண்டும். முடிவு உள்துறை அமைச்சு கையில். காத்திருப்பு நீளலாம்.

அண்ணன், அக்கா யாருக்காவது கல்யாணம் நடக்கப்போகிறதா? மண்டபம் புக் பண்ணுவதற்கு முன்னால் ஜேபிஎன் தேதியைக் கேளுங்கள். குழந்தை பிறந்தால் 60 நாளுக்குள் பதியுங்கள்.

'ஜேகேஎம் வந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்'

இந்தப் பயத்தால்தான் பலர் போனையே எடுப்பதில்லை. 2001 சிறார் சட்டம் என்ன சொல்கிறது? அதிகாரி ஒரு பிள்ளையைத் தற்காலிகமாக அழைத்துப் போனால், 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதிமன்றத்தின் முன் கொண்டுவர வேண்டும். பிள்ளையை வைத்துக்கொள்வது அதிகாரியின் தனி முடிவு இல்லை. நன்றாகப் பார்த்துக்கொள்வோம் என்று பெற்றோரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, பிள்ளையை வீட்டிலேயே விடவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. பிரிக்கவே மாட்டார்கள் என்று அர்த்தமில்லை. ஆபத்து இருந்தால் பிரிப்பார்கள், பிரிக்கவும் வேண்டும்.

இதே சட்டத்தில் இன்னொரு கதவும் இருக்கிறது. "என் பிள்ளை கட்டுக்கு அடங்கவில்லை" என்று பெற்றோரே நீதிமன்றத்துக்கு எழுதிக் கொடுக்கலாம். கோபத்தில் "ஹென்றி கர்னிக்கு அனுப்பிடுவேன்" என்று மிரட்டும் அம்மாக்கள் கவனிக்க: ஹென்றி கர்னி சிறைத் துறையின் பள்ளி, குற்றம் செய்த சிறார்களுக்கானது. கட்டுக்கு அடங்காத பிள்ளையை நீதிமன்றம் ஜேகேஎம் நடத்தும் இல்லத்துக்கு அனுப்பலாம், நன்னடத்தை அதிகாரியின் கண்காணிப்பிலும் விடலாம். என் கருத்து, அந்தக் கதவைக் கடைசியாகத் தட்டுங்கள். நம் 14 வயதுப் பையனை அனுப்பிவிட்டால் தங்கச்சியை இரவில் யார் பார்ப்பது?

அடி விழும் வீட்டில்

இங்கே மட்டும் வரிசை மாறக்கூடாது. பத்திரம், பள்ளி எல்லாம் பிறகு. 2018 ஜனவரி முதல் அவசரப் பாதுகாப்பு ஆணை என்று ஒன்று இருக்கிறது. நீதிமன்றம் போகவேண்டாம், ஜேகேஎம் அதிகாரியே தருவார். விண்ணப்பித்த 2 மணி நேரத்துக்குள் தர வேண்டும்; 7 நாள் செல்லும். கல்யாணம் பதிவாகவில்லையே என்று தயங்க வேண்டாம்: சடங்குப்படி நடந்த, பதிவு செய்யாத திருமணத்தில் இருப்பவரையும் குடும்ப வன்முறைச் சட்டம் துணைவராகவே ஏற்கிறது. தாலியான் காசே எண் 15999, 24 மணி நேரமும் உண்டு.

ஒரே ஆள் போதுமா?

இங்கிலாந்து 2012-ல் இதைச் செய்து பார்த்தது. இப்படிப் பல சிக்கலில் இருந்த 1,20,000 குடும்பங்களைக் குறிவைத்து, குடும்பத்துக்கு ஒரு பொறுப்பாளர். பள்ளி, போலீஸ், வீட்டு வாடகை எல்லாவற்றுக்கும் அவரே. 2016-ல் வந்த மதிப்பீடு, குறிப்பிடத்தக்க பலன் எதுவும் தெரியவில்லை என்றது. அரசுக்குத் தர்மசங்கடம். அடுத்த கட்டத்தை ஆராய்ந்த 2019 மதிப்பீட்டில், அரசுப் பராமரிப்புக்குப் போகும் பிள்ளைகளின் விகிதம் ஒப்பீட்டுக் குழுவைவிட 32% குறைவு. அதாவது பலன் உண்டு, ஆனால் உடனே தெரியாது.

பினாங்கில் வேறு பாதையில் ஒரு முயற்சி நடந்தது. 2012-ல் ஜாலான் சுங்கை மக்கள் குடியிருப்பில், பினாங்கு பெண்கள் மேம்பாட்டுக் கழகம் ஆண், பெண், இளைஞர், முதியவர் எனத் தனித்தனியாகக் கேட்டது: ஊராட்சிப் பணத்தை எதற்குச் செலவு செய்யலாம்? குடியிருப்பாளர்களே ஓட்டுப் போட்டார்கள். ஒரு கட்டடத்தின் தேவையைக் கேட்க இது நல்ல வழி. ஆனால் பத்தாவது மாடியில் பூட்டிய கதவுக்குப் பின்னால் நடப்பது ஓட்டுச் சீட்டில் வராது.

அதுவரை, இரண்டு மொழி தெரிந்த நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தெரிந்த குடும்பம் ஏதாவது இப்படி இருந்தால், ஒரு ஃபைல் வாங்கிக் கொடுங்கள். பத்திரங்களின் நகல், போலீஸ் ரிப்போர்ட் எண், எந்தத் தேதியில் எந்த அதிகாரியைப் பார்த்தார்கள், அவர் என்ன சொன்னார் என்பதை மலாயில் ஒரு பக்கத்துக்கு எழுதி முதல் தாளாக வையுங்கள். அடுத்த கவுண்டரில் அந்த அம்மா அந்தத் தாளை நீட்டினால் போதும்.