பொதுப் பொருளைக் காப்பவர் யார்?

ஊர் கூடித் தேர் இழுக்கலாம் என்பர் நம் பெரியோர். ஊர் கூடிச் செக்குத் தள்ள முடியுமா என்று கேட்பவரும் அவரே. இரண்டும் ஒரே நாட்டில், ஒரே மக்கள் நாவில் வழங்கும் மொழிகள். ஒன்றை ஒன்று மறுப்பன போல் தோன்றும். உற்று நோக்கினால் மறுப்பு இல்லை. தேர் ஆண்டுக்கு ஒருமுறை ஓடுவது. வடம் பிடித்தவன் முகம் எல்லோர்க்கும் தெரியும். செக்கோ நாள்தோறும் சுற்றுவது. அதில் புகழும் இல்லை. வேடிக்கை பார்ப்பாரும் இல்லை. ஒருநாள் கூடுதல் எளிது; ஒவ்வொரு நாளும் கூடுதல் அரிது.

ஏரி நீர், மேய்ச்சல் நிலம், காடு, மீன்வளம், நிலத்தடி நீர் ஆகியவை செக்கின் பக்கத்தைச் சேர்ந்தவை. நாள்தோறும் பலர் எடுக்கின்றனர். ஒருவர் எடுத்தால் மற்றவர்க்குக் குறையும். எடுப்பவரைத் தடுப்பதும் எளிதன்று. இத்தகைய பொதுப் பொருளை மக்கள் தாமே கூடிக் காக்க முடியுமா? 1968-ஆம் ஆண்டு காரெட் ஹார்டின் என்ற அமெரிக்க உயிரியல் அறிஞர் முடியாது என்று எழுதினார். மேய்ச்சல் வெளி பொதுவாயின் ஒவ்வொருவனும் ஒரு மாட்டைக் கூடுதலாக விடுவான். ஊதியம் அவனுக்கு, நட்டம் எல்லோர்க்கும். முடிவில் புல்லும் இல்லை, மாடும் இல்லை என்றார். அரசு கையில் எடுக்க வேண்டும், அல்லது தனியார்க்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது அவர் காட்டிய வழி. உலகெங்கும் இதைப் படித்தனர், பெரும்பாலோர் ஒப்புக்கொண்டனர்.

ஒப்பாதவர் ஒருவர் இருந்தார். அவரே எலினார் ஆஸ்ட்ரம் அம்மையார். அவர் பட்டம் பெற்றது அரசியல் நூலில். பரிசு பெற்றது பொருள் நூலில். வாழ்நாளெல்லாம் ஆராய்ந்ததோ சமூகவியலார் கேட்கும் கேள்வியை. மனிதர் எப்போது ஒத்துழைக்கின்றனர், எப்போது ஒத்துழைப்பதில்லை என்பதே அக்கேள்வி. அவர் வரலாற்றையும், அவர் கண்ட முடிவு நம் மேற்கு எல்லையில் பாலக்காட்டுப் பக்கத்திலும் இடுக்கிப் பக்கத்திலும் எவ்வாறு பொருந்துகிறது என்பதையும் இங்கே காண்போம்.

அம்மையார் 1933-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பிறந்தார். செல்வக் குடும்பம் அன்று. பள்ளியில் திரிகோணமிதி படிக்க விரும்பியபோது, பெண்ணுக்கு அது எதற்கு என்று தடுத்தனர். 1954-இல் பட்டம் பெற்று வேலை தேடினார். அலுவலகங்களில் கேட்ட முதற் கேள்வி, தட்டச்சும் சுருக்கெழுத்தும் தெரியுமா என்பது. பின்னர்ப் பொருளியலில் ஆராய்ச்சிப் பட்டத்துக்குச் சேர முயன்றார். கணிதப் பயிற்சி போதாது என்று கதவை அடைத்தனர். பள்ளியில் தடுத்தவர்கள் செய்த வேலை அங்கே வந்து பலித்தது. அரசியல் துறையில் இடம் கிடைத்தது. அங்கும் பெண்களைச் சேர்ப்பது பற்றிப் பேராசிரியர்களுக்குள் வாதம் நடந்ததாம். அதே அம்மையார் 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசை ஆலிவர் வில்லியம்சனோடு பகிர்ந்து பெற்றார். அப்பரிசைப் பெற்ற முதற் பெண் அவரே.

அவர் ஆராய்ச்சிப் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள் ஒரு கிணற்றுச் சண்டை. லாஸ் ஏஞ்சல்ஸ் கடற்கரையை ஒட்டிய மேற்குப் படுகையில் நகரங்களும் ஆலைகளும் எண்ணெய் நிறுவனங்களும் போட்டியிட்டு நிலத்தடி நீரை இறைத்தன. நீர்மட்டம் கடல்மட்டத்துக்குக் கீழே இறங்கியது. உப்புநீர் உள்ளே புகுந்தது. ஒருவர் நிறுத்தினால் அடுத்தவர் இறைத்துக் கொள்வார் என்ற அச்சத்தால் எவரும் நிறுத்தவில்லை. இது ஹார்டின் கூறிய கதைதான். ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1945-இல் வழக்குத் தொடுத்தனர். நீதிமன்றம் தீர்ப்பை அவர்கள் தலையில் ஏற்றவில்லை; பேசி முடிவு செய்ய இடம் கொடுத்தது. நூற்றுக்கணக்கானோர் எவ்வளவு இறைக்கின்றனர் என்று அளந்தனர். எல்லோரும் ஒரே விகிதத்தில் குறைப்பது என்று உடன்பட்டனர். அளவைக் கண்காணித்து ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட ஓர் அலுவலரை அமைத்தனர். கரையோரம் நன்னீரை நிலத்துக்குள் செலுத்தி உப்புநீரைத் தடுத்தனர். இறுதித் தீர்ப்பு வந்தது 1961-இல். இந்த வரலாற்றை எழுதி 1965-இல் பட்டம் பெற்றார் அம்மையார்.

அதே ஆண்டு கணவர் வின்சென்ட் ஆஸ்ட்ரத்துடன் இந்தியானா பல்கலைக் கழகத்துக்கு வந்தார். அவருக்குக் கிடைத்தது காலை ஏழரை மணி வகுப்பு. பிறர் எடுக்க விரும்பாத வகுப்பு என்று சொல்லவும் வேண்டுமோ! 1973-இல் கணவனும் மனைவியும் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினர். அதற்குக் கழகம் என்றோ நிறுவனம் என்றோ பெயர் இடவில்லை; பட்டறை என்றனர். இருவரும் ஒரு தச்சரிடம் மரவேலை பழகியவர்கள். தம் வீட்டு மேசை நாற்காலிகளைத் தாமே செய்தவர்கள். ஆராய்ச்சியும் கைத்தொழில்போல் மூத்தவரோடு அமர்ந்து பழக வேண்டியது என்பது அவர்கள் கொள்கை. அம்மையாரின் காவல்துறை ஆராய்ச்சியில் வீடு வீடாகச் சென்று கேட்டவர்களுள் பட்ட வகுப்பு மாணவர்களும் இருந்தனர் என்பது நாம் கவனிக்கத் தக்கது.

1990-இல் வெளிவந்தது அவருடைய பெருநூல். உலகின் பல மூலைகளிலிருந்து, பொதுப் பொருளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த ஊர்களையும் காக்கத் தவறிய ஊர்களையும் அதில் ஒப்பிட்டார். சுவிட்சர்லாந்து மலையூரான டோர்பெல்லில் 1517-ஆம் ஆண்டு முதல் ஒரு கட்டுப்பாடு உண்டு. குளிர்காலத்தில் ஒருவன் தன் வைக்கோலைக் கொண்டு எத்தனை மாடுகளைக் காக்க இயலுமோ, அத்தனையையே கோடையில் பொதுவெளிக்கு ஓட்டலாம். மீறினால் தண்டம். தண்டம் வாங்கும் ஊர் அலுவலருக்கு அதில் பாதி! காவல் தளராதிருக்க இதைவிட நல்ல உபாயம் ஏது? நம் பாண்டிநாட்டுக் கண்மாய்ப் பாசனத்தில் நீர்க்கட்டி என்பவர் மடை திறந்து வயலுக்கு வயல் நீர் பாய்ச்சி, அறுவடையில் நெல்லாகக் கூலி பெற்றதும் இவ்வகையே. அவரை நியமித்தது ஊர். அவர்க்குக் கூலி கொடுத்ததும் ஊர்.

இவற்றிலிருந்து அம்மையார் எட்டு இயல்புகளைத் திரட்டினார். எட்டையும் இங்கே எழுதப் புகின் பக்கம் போதாது. உரியவர் யார் என்ற எல்லை தெளிவாக இருத்தல், விதியை அதற்கு உட்படுவோரே அமைத்தல், கண்காணிப்பவர் அவர்களுக்கு விடை சொல்பவராக இருத்தல், முதற் பிழைக்குச் சிறு தண்டம், அவர்கள் கூடி விதி செய்யும் உரிமையை மேலுள்ள அரசு மதித்தல் ஆகியவை முதன்மையானவை. நேபாளத்தில் உழவர் மண்ணாலும் மரத்தாலும் கட்டிய அணைகள், அரசு கற்காரையால் கட்டியவற்றைவிட நன்றாக நீர் தந்ததையும் அவர் குழுவினர் கண்டனர். ஆண்டுதோறும் உடையும் அணையைக் கட்ட ஆண்டுதோறும் கூடியாக வேண்டும். கூடுவதால் நீர்ப் பங்கீடும் நேர்பட்டது. 2012-இல் அம்மையார் மறைந்தார். பதினேழு நாளில் கணவரும் மறைந்தார்.

இனி நம் எல்லைக்கு வருவோம். பாலக்காட்டுக் கணவாய்க்குள் கிழக்கே ஒதுங்கிய சித்தூர் வட்டம் மழைமறைவில் கிடப்பது. கேரளம் என்றாலே மழை என்று எண்ணுவோர் அங்கே சென்றால் கோவைப் பக்கத்துக் கரிசலும் தென்னையும் கண்டு திகைப்பர். தமிழ் பேசுவோரும் அங்கே மிகுதி. அவ்வட்டத்தில் பெருமாட்டி ஊராட்சியைச் சேர்ந்தது பிளாச்சிமடை. 2000-இல் அங்கே கொக்கோ கோலா நிறுவனம் குளிர்பான ஆலை திறந்தது. உரிமம் தந்தது ஊராட்சியே. சில காலத்தில் கிணறுகள் வற்றின. இருந்த நீரும் குடிக்க ஆகவில்லை என்று பெண்கள் முறையிட்டனர். 2002 ஏப்ரலில் ஆலை வாயிலில் போராட்டம் தொடங்கியது. முன்னின்றவர் மயிலம்மா, எரவாளர் குலத்துப் பெண்மணி. பள்ளிப் படிப்பு இல்லாதவர். 2003-இல் ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது.

வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. 2003 டிசம்பரில் தனி நீதிபதி, நிலத்தடி நீர் மக்கள் எல்லோர்க்கும் உரிய பொருள், அரசு அதற்குக் காவலன் மட்டுமே என்றார். 2005 ஏப்ரலில் இருவர் அமர்ந்த ஆயம், தன் நிலத்தடி நீரை நியாயமான அளவு எடுக்க நில உடைமையாளர்க்கு உரிமை உண்டு என்று கூறி, நாளொன்றுக்கு ஐந்து இலட்சம் லிட்டர் வரை எடுக்க இசைந்தது. பொதுவா, தனியா என்ற ஹார்டின் காலத்து வாதமே நீதிமன்றத்தில் நடந்தது எனலாம். 2004 மார்ச்சில் மூடிய ஆலை பின்னர்த் திறக்கப்படவே இல்லை. மயிலம்மா 2007-இல் மறைந்தார். 2010-இல் அரசு அமைத்த உயர்நிலைக் குழு 216 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என மதிப்பிட்டது. அதை ஈட்டித் தர 2011-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்ப்பாய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைக்கவில்லை.

ஏழை மக்கள் பெரு நிறுவனத்தை வென்ற கதை இது. போற்றத் தக்கதே. ஆயினும் ஆஸ்ட்ரம் அம்மையார் அங்கு வந்திருந்தால் அடுத்த கேள்வியைக் கேட்டிருப்பார். ஆலை மூடிய பின்னும் பல ஆண்டுகள், அளவுக்கு மீறி நீர் எடுக்கப்படும் வட்டாரம் என்றே சித்தூரை மத்திய நிலத்தடி நீர் வாரியம் குறித்து வந்தது. இறைப்பவை உழவர்களின் ஆழ்துளைக் கிணறுகள். ஆலையை எதிர்த்தது தேர் இழுத்த செயல். யார் எத்தனை மணி மோட்டார் ஓட்டுவது என்று அண்டை வீட்டாரோடு அமர்ந்து பேசுவது செக்குத் தள்ளுவது. அதற்கு வாழ்த்தொலி இல்லை. எதிரி வெளியில் இருக்கும்போது ஒற்றுமை தானே வரும். அண்ணன் தம்பி கிணறுகளுக்கு இடையே வருமா என்பதே கேள்வி. லாஸ் ஏஞ்சல்ஸில் முதலில் செய்தது அளப்பது. நம்மிடம் அளவே இல்லாமல் பங்கு பேசுகிறோம். மேலும் நிலத்தடி நீர் மாநில எல்லையை அறியாது. கோவைப் பக்கத்தில் இறைப்பவர் பாலக்காட்டு ஊராட்சிக்கு விடை சொல்வாரா? எல்லை தெளிவாக இருத்தல் என்ற முதல் இயல்பே இங்கு இடறுகிறது.

தெற்கே இடுக்கி மாவட்டத்தில், தேனி மாவட்ட எல்லையில் உள்ளது குமுளி. தேக்கடி ஏரியில் படகு ஏறிய நண்பர்கள் நம்முள் பலர் இருப்பர். அந்தக் காட்டில் வயணை என்னும் காட்டு இலவங்க மரம் உண்டு. அதன் பட்டையை உரித்துக் கள்ளமாக விற்று வாழ்ந்தோர் பலர். பட்டை போனால் மரம் போகும். காவலர் துரத்துவர், அவர்கள் ஓடுவர், வழக்குகள் குவியும். உலக வங்கி உதவியுடன் 1996 முதல் 2004 வரை நடந்த சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின் போது, அவர்களுள் இருபதுக்கு மேற்பட்டோருடன் வனத்துறை பேசியது. வழக்குகளை நீக்குவோம், தொழிலை விடுங்கள், காட்டைக் காத்துக் கொடுங்கள் என்றது. அவர்கள் இசைந்தனர். 1998 முதல் பயணிகளைக் காட்டுக்குள் நடத்திச் சென்று, கூடாரம் இட்டுத் தங்க வைத்து, அதன் வருவாயில் வாழத் தொடங்கினர். கள்ளர் வரும் தடம் அவர்களுக்குத் தெரியும். தாமே நடந்த தடம் அன்றோ! கண்காணிப்பவர் உள்ளூராராக இருத்தல் ஏன் நன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

அதனினும் வியப்பு வசந்த சேனை. 2002-இல் குமுளிப் பக்கத்துப் பெண்கள் அமைத்த குழு இது. முறைவைத்து நாள்தோறும் சிலர் காட்டோரம் சுற்றி வருகின்றனர். கூலி இல்லை. தன் ஊதியம் ஒன்றையே கணக்கிடும் ஹார்டினின் மனிதனை இப்பெண்களிடையே காண்பது கடினம்.

குறை இல்லாமல் இல்லை. விதியை அமைப்பதில் வனத்துறையின் கையே ஓங்கியது. பட்டை உரித்தவர்கள் காவலராயினர், ஆட்சியாளர் ஆகவில்லை. வருவாயும் பயணிகளை நம்பியது. 2020-இல் பெருந்தொற்றால் தேக்கடி மூடப்பட்டபோது அந்த ஊற்று அடைபட்டது. உலக வங்கிப் பணம் நின்ற 2004-இல் பெரியாறு அறக்கட்டளை என்ற அமைப்பை நிறுவியதால் குழுக்கள் கலையாமல் நின்றன. பணம் தீர்ந்ததும் பலகை மட்டும் மிஞ்சும் திட்டங்களைப் பார்த்த நமக்கு இது சிறிதன்று.

அம்மையார் தம் மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார். பொதுப் பணத்திலிருந்து ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி எடுக்கலாம் என்ற விளையாட்டு அது. ஒருவரோடொருவர் பேசாதபோது பொதுப் பணத்தைப் பாழாக்கினர். பேச விட்டதும், தண்டிக்க யாரும் இல்லாத நிலையிலும், பெரும்பாலும் சொல் தவறாமல் நடந்தனர். நம் விடுதி உணவுக் குழுவில் இதனைச் சோதிக்கலாம் என்று நண்பர் ஒருவர் கூறினார். முடிவைப் பற்றி எனக்கு ஐயம் உண்டு. சமூகவியல் மாணவர் எவரேனும் ஆய்வேட்டுக்குப் பொருள் தேடுவாராயின், சித்தூர் வட்டத்தில் ஒரே ஊரின் கிணறுகளை எடுத்துக்கொண்டு, யார் எப்போது வெட்டினார், எவ்வளவு ஆழம், அடுத்த கிணற்றுக்காரரோடு அதுபற்றிப் பேசியது உண்டா என்று கேட்டு எழுதலாம். பொள்ளாச்சியிலிருந்து மேற்கே சிறிது தொலைவே. மொழியும் தடையாகாது.